மேக்ஸ் ஃப்ளோ பாடத்தில் பாதியைக் காணோம்

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வலையில், அதாவது கிராஃபில், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்ற கணக்குதான் மேக்ஸ் ஃப்ளோ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு இந்தப் படம் நினைவிருக்கும். இடது ஓரத்தில் தொடக்கப் புள்ளி எஸ், வலது ஓரத்தில் முடிவுப் புள்ளி டி, நடுவில் மேலே ஏ, கீழே பி. வெளிக்கோடுகள் நாலுக்கும் கொள்ளளவு 1000, ஏ-யையும் பி-யையும் இணைக்கும் நடுக்கோட்டுக்கு மட்டும் 1. இடமிருக்கும் ஏதாவது ஒரு பாதையை எடுத்து நிரப்பிக்கொண்டே போகும் ஃபோர்டு–ஃபுல்கர்சன் முறை ஒவ்வொரு தடவையும் அந்த நடுக்கோட்டையே பிடித்துக்கொண்டு போனால் 2000 சுற்று ஆகும் என்று பயம் காட்டிவிட்டு, அதற்கு மருந்தாக, எப்போதும் கோடுகள் குறைவான பாதையையே எடுக்கும் எட்மண்ட்ஸ்–கார்ப் முறையைச் சொல்லிப் பாடத்தை மூடிவிடுவார்கள். பரீட்சைக்கும் அதுதான் வரும்.

எனக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு. அந்தப் படம் ஒரு பிளானர் கிராஃப், அதாவது கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் காகிதத்தில் வரைய முடிகிற கிராஃப். எஸ், டி இரண்டும் வெளி ஓரத்திலேயே வேறு இருக்கின்றன. அப்படி இருந்தால் இருப்பதிலேயே மேலாகப் போகும் பாதையை எடுத்து நிரப்பு, அது நிரம்பியதும் அடுத்த மேல் பாதைக்கு வா, அவ்வளவுதான். எஸ்-ஏ-டி வழியாக 1000, எஸ்-பி-டி வழியாக 1000, இரண்டே சுற்றில் ஆட்டம் முடிந்தது. பின்னால் வந்த யாரோ கண்டுபிடித்த தந்திரமும் இல்லை இது, 1956இல் வெளியான ஃபோர்டு, ஃபுல்கர்சன் கட்டுரையிலேயே இருக்கிறது!

வெட்டு, அதாவது எஸ்-ஐயும் டி-யையும் பிரிக்க அறுக்க வேண்டிய கோடுகள், அந்தப் பக்கம் வந்தால் இன்னும் அழகு. எஸ்-இலிருந்து இடப்பக்கமும் டி-யிலிருந்து வலப்பக்கமும் காகித ஓரம் வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வெளியிடம் மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்துவிடும், உள்ளே ஏற்கெனவே இரண்டு முக்கோணம். இப்போது மேலிடத்திலிருந்து கீழிடத்துக்குப் போக வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டினாலும் அதன் கொள்ளளவுதான் கட்டணம், தாண்டிய கோடுகள் சேர்ந்தால் ஒரு வெட்டு. இடது முக்கோணம் வழியாகப் போனால் 2000, வலது வழியாகவும் 2000, ஒன்றில் நுழைந்து மற்றதில் இறங்கினால் 2001. ஆகக் குறைந்தது 2000, கொள்ளளவு மிகக் குறைந்த வெட்டும் (மினிமம் கட்) அதே 2000. குறைந்த வெட்டைத் தேடும் வேலை குறுகிய பாதையைத் தேடும் வேலையாகிவிட்டது, அதற்குக் குறுகிய பாதை தேடும் டைக்ஸ்ட்ரா முறை போதும். ஓட்டம் வேண்டுமா, அதுவும் இதிலேயே கிடைக்கிறது: ஒரு கோட்டின் இரு பக்கமும் உள்ள இடங்களுக்கு மேலிடத்திலிருந்து ஆகும் தூரத்தின், அதாவது கட்டணத்தின், வித்தியாசம்தான் அந்தக் கோட்டில் ஓடும் அளவு என்று 1981இல் ஹாசின் காட்டினார். நடுக்கோட்டின் இரு பக்கமும் தூரம் 1000, வித்தியாசம் பூஜ்யம். அவ்வளவு பயமுறுத்திய கோட்டில் ஒன்றுமே ஓடவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கணக்கு பிறந்ததே வரைபடத்தின் மேல்தான். 1955இல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்துக்காக ஹாரிஸும் ராஸும் எழுதிய அறிக்கை, சோவியத் ரயில் பாதைகளில் கிழக்கு ஐரோப்பாவுக்கு எவ்வளவு சரக்கு போக முடியும் என்று கணக்குப் போட்டது. 44 புள்ளி, 105 கோடு, விடை 1,63,000 டன். அவர்களுக்கு ஓட்டத்தைவிட எங்கே வெட்டினால் ஓட்டம் நிற்கும் என்பதில்தான் அக்கறை. 1999 வரை அது ரகசிய ஆவணம்.

சரி, எஸ்-ஸும் டி-யும் ஓரத்தில் இல்லாமல் உள்ளே எங்கோ கிடந்தால்? அப்போது வெட்டு என்பது ஒன்றை உள்ளே வைத்து மற்றதை வெளியே விடும் வளையம். திசையில்லாத, அதாவது கோடுகளில் இரு பக்கமும் ஓடலாம் என்ற கிராஃபில் அந்த வளையத்தை வேகமாகத் தேட 1983இல் ரைஃப் வழி சொன்னார். திசையுள்ளதற்கு போராடெய்லும் கிளைனும் 2006இல் சொன்னது, எப்போதும் இடது ஓரப் பாதையையே நிரப்பிக்கொண்டு போ என்பதுதான், நேரம் n log n (n என்பது புள்ளிகளின் எண்ணிக்கை). பழைய மேல் பாதை யோசனை அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

2022இல் எந்தக் கிராஃபுக்கும் ஏறக்குறைய நேர்கோட்டு நேரத்தில், அதாவது கிராஃபின் அளவுக்கு ஏற்ப மட்டுமே கூடும் நேரத்தில், மேக்ஸ் ஃப்ளோ வந்துவிட்டதே, பிளானருக்குத் தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது பெரிய சாதனைதான், ஆனால் அதை நாற்பது நிமிட வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுங்கள் பார்ப்போம். மேம்பாலம் வந்தால் சாலை வரைபடம் பிளானர் இல்லையே என்பது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதைவிட நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. பல தொடக்கங்கள், பல முடிவுகள் இருந்தால் எல்லாத் தொடக்கத்தையும் ஒரு புதுப் புள்ளியோடு கட்டிவிடு என்று புத்தகம் சொல்லும். கட்டிய அந்தக் கோடுகள் மற்றவற்றின் மேல் ஏறி, கிராஃப் பெரும்பாலும் பிளானராகவே இருக்காது. இந்தச் சிக்கலை ஐந்து பேர் சேர்ந்து n log³ n நேரத்துக்குள் அடக்கியது 2011இல்தான்.