யாரும் கேட்காத படங்கள்

குலசேகரன்பட்டினத்தில் தசராவின் கடைசி இரவு முடிந்த மறுநாள் முகநூலைத் திறந்தால் என்னென்ன படங்கள் வரும் என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடலாம். காளி வேடமிட்டவரின் முகம், மிக அருகில். நீட்டிய நாக்கு. இருட்டில் கரைந்த பின்னணி. எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு எது யாருடையது என்று கேட்டால் எடுத்தவர்களே திணறுவார்கள். படங்களில் குறை இல்லை என்பதுதான் சங்கடம். ஃபோகஸ் கச்சிதம், வண்ணம் கச்சிதம்.

எனக்கு வருகிற எரிச்சலின் காரணம் வேறு. அங்கே கேமராவோடு முண்டியடிக்கிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற அமெச்சூர்கள். வங்கியிலோ பள்ளியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் படம் எடுப்பவர்கள். இந்தப் படத்தை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒன்றை, பத்திரிகை ஆசிரியர் சொல்லியனுப்பிய மாதிரி எல்லோரும் ஒன்றுபோலவே எடுத்துக்கொண்டு வருவானேன்?

கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர் தாலி கட்டும் நொடியைத் தவறவிட முடியாது. பத்திரிகைக்காரருக்கு இரவு பக்கம் முடிவதற்குள் சூரசம்ஹாரம் போய்ச் சேர வேண்டும். அது அவர்கள் பிழைப்பு, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அமெச்சூருக்கு வாடிக்கையாளர் இல்லை, கெடு இல்லை, தோற்றால் சம்பளம் குறையாது. அவனிடம் இருக்கும் ஒரே சொத்து இந்தச் சுதந்திரம்தான். ‘படைப்பாற்றலை வளர்த்துக்கொள்வது எப்படி’ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு விதி (படத்தின் முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைப்பது), புதிய லென்ஸ், வாராணசிப் பயணம் என்றுதான் பதில் வருகிறது. எவரும் அந்தச் சொத்தைச் செலவழிக்கச் சொல்வதில்லை.

தசராவையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு இரவு விவகாரம் அல்ல. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் நாள்கணக்கில் விரதம் இருக்கிறார்கள். காப்புக் கட்டுகிறார்கள், வேடம் போடுகிறார்கள், குழுவாகச் சேர்ந்து மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரிக்கிறார்கள். காளி, குறத்தி, போலீஸ், குரங்கு, பிச்சைக்காரர் என்று வேடம் எதுவானாலும், வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்கிய அந்தக் காசு கடைசியில் கோயில் உண்டியலுக்குப் போகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ கிராமங்களில் இந்த நாட்களில் இது நடக்கிறது. கடற்கரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் நம்மில் எத்தனை பேர் ஒரு தசராக் குழுவோடு ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறோம்?

உடனே, பெட்டிக்கடையில் சோடா குடிக்கும் எமன், பைக்கின் பின்னிருக்கையில் காளி என்று எடுக்கத் தோன்றும். எடுக்கலாம், சிரிப்பும் வரும். ஆனால் அதுவும் சுலபமான படம்தான், அதைப் பார்த்தவர்களும் ஏராளம். உண்மையில் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. நான்காம் நாளில் குழுவினர் கேமராவைச் சட்டை செய்வதை நிறுத்திவிடுவார்கள். அப்போது, முகத்துக்குச் சாயம் பூசிவிடும் தம்பியின் கவனம் தெரியும். கிரீடத்தைக் கழற்றி வைத்த பிறகு நெற்றியில் பதிந்திருக்கும் தழும்பு தெரியும். வேடம் போட்டவர் வீட்டுப் பெண்கள் அந்த நாட்களில் சுமக்கும் வேலை தெரியும். இவற்றில் எதை எப்படிப் படமாக்குவது என்பதற்கு முன்மாதிரி கிடையாது. நாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். படைப்பு என்று நான் புரிந்துகொண்டிருப்பது அந்த நெருக்கடியைத்தான்.

தங்கியிருந்து பார்ப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பெரிய கேமராவை ஒற்றைக் கையால் கையாண்டவர். 1940இல், பிராக் நகரம் நாஜிகளின் பிடியில் இருந்தபோது, கேமராவோடு தெருவில் நடமாடுவதே ஆபத்தாக இருந்த நாட்களில், தன் ஸ்டுடியோ ஜன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். 1954 வரை அந்தத் தொடர் நீண்டது. கண்ணாடியில் படியும் நீர்த்துளி, உறைபனி, வெளியே தோட்டத்தில் கோணலாக வளர்ந்த ஒரு மரம். இவ்வளவுதான் கைவசம் இருந்த பொருள். நம்மவர்களோ வார இறுதியில் இரண்டு மாவட்டம் தாண்டிப் போய்விட்டு, ‘இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று திரும்பி வருகிறார்கள்!

லென்ஸ் விஷயத்துக்கு அதிகம் செலவழிக்க விரும்பவில்லை, பணத்தையும் சரி, வரிகளையும் சரி. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரே 50 மிமீ லென்ஸைத்தான் பயன்படுத்தினார். நம் தொடக்கநிலை கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால், அவற்றோடு வரும் 18-55 மிமீ ஜூம் லென்ஸை 35 மிமீயில் வைத்தால் கிட்டத்தட்ட அதே பார்வைக்கோணம் கிடைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு டேப்பை ஒட்டிவிட்டு சில மாதம் அப்படியே எடுத்துப் பாருங்கள். ஜூம் வளையம் திரும்பாதபோது கால்கள் நகரத் தொடங்கும்.

எனக்குச் சண்டை போடத் தோன்றுகிற விஷயம் ஒளி. காலை ஏழரைக்குப் பிறகு கேமராவை மூடி வை, மாலை நாலரைக்குத் திற என்ற அறிவுரையைக் கேட்டுச் சலித்துவிட்டது. சூரியன் சாய்ந்து சாய்ந்து மெதுவாக இறங்கும் வடக்கு நாடுகளுக்கு அது சரி. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக விழுகிறது. பொன்னிற ஒளி வந்த வேகத்தில் போய்விடுகிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. இந்த ஊர் மக்கள் பகல் முழுக்க வாழ்வது உச்சி வெயிலில். அதைத் தவிர்த்துவிட்டு எடுக்கிற படங்களில் இந்த ஊர் எப்படி இருக்கும்?

நண்பகலில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் நடந்து பாருங்கள். சிமெண்ட் தரையில் அடிக்கும் வெயில் மேல்நோக்கித் திரும்புகிறது. கடைக்குள் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் அது கீழிருந்து படுகிறது. உச்சி வெயில் உண்டாக்கும் கண்குழி நிழல் அங்கே காணாமல் போகிறது. எதிரே சுண்ணாம்படித்த சுவர் இருந்தால் இன்னும் மென்மை. செம்மண் தரை என்றால் முகத்தில் லேசாகச் செம்மை ஏறும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பவர் நீலமாகவே தெரிவார். அந்த நீலத்தைக் கணினியில் கஷ்டப்பட்டுத் துடைத்தெடுக்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை. கேமராவில் ஒளியை வெயிலுக்கு அளந்து வைத்தால் கடையின் உள்பக்கம் கறுத்துவிடும். முகத்துக்கு அளந்தால் தெரு வெளுத்துவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கைப்பேசி இரண்டையும் காப்பாற்றப் பார்த்து இரண்டையும் சப்பென்று ஆக்கிவிடுகிறது. (கைப்பேசி மேல் எனக்குப் பகை இல்லை. அதன் தானியங்கிப் புத்திசாலித்தனத்தின் மேல்தான்.)

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். தோல் சுருங்கிய மூதாட்டியின் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ‘வாழ்க்கை’ என்று தலைப்பிடுவதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். அந்த அம்மாவின் பெயர் என்ன, அவரிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா, அவர் என்றைக்காவது அந்தப் படத்தைப் பார்த்தாரா?

எடுப்பதைவிடப் பொறுக்குவதில்தான் நாம் அதிகம் சோம்பலாக இருக்கிறோம். காலையில் எடுத்ததை மதியம் பதிவேற்றினால், நாம் பார்ப்பது படத்தை அல்ல, அதிகாலையில் எழுந்த சிரமத்தையும் அங்கே குடித்த தேநீரையும்தான். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை ஓராண்டுக்கு மேல்கூட வேண்டுமென்றே கழுவாமல் வைத்திருப்பாராம், எடுத்தபோதிருந்த மனநிலை வடிந்த பிறகு பார்ப்பதற்காக. பிற்காலத்தில் அது கைமீறியும் போனது: 1984இல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் மட்டும் சுமார் 2,500. அவரை அந்த எல்லை வரை பின்பற்றச் சொல்லவில்லை. ஒரு மாதம் பொறுத்தால் போதும்.

சிகாகோவில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்த விவியன் மையரை அமெச்சூர்களின் காவல் தெய்வமாக ஆக்கிவிட்டார்கள். வாடகை கட்டாத கிடங்கிலிருந்து 2007இல் ஏலத்துக்குப் போன பெட்டிகளில் அவர் எடுத்த நெகட்டிவ்கள் வெளிப்பட்டன. கடைசிக் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டின. 2009இல், உலகப் புகழ் வருவதற்குச் சற்று முன் அவர் இறந்துபோனார். யாருக்கும் காட்டாமலே இவ்வளவு எடுத்தார் என்பதைக் கேட்டு எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கும் அவருடைய சதுரப் படங்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் நாம் பார்க்கிற மையர், பெரும்பாலும் வேறு யாரோ பொறுக்கித் தந்த மையர். அவரே உட்கார்ந்து பொறுக்கியிருந்தால் எவற்றை வைத்திருப்பார், எவற்றைக் கிழித்திருப்பார்? நம் ஹார்டு டிஸ்க்குகளைத் திறந்து பொறுக்க யாரும் ஏலத்துக்கு வரப்போவதில்லை. அந்த வேலையை நாமே செய்தாக வேண்டும்.

அதற்கு நான் நம்பும் ஒரே கருவி பிரிண்ட். மலிவான 4க்கு 6 அங்குலப் படங்கள் போதும். ஒரே பொருளில் எடுத்தவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். திரையில் ஒவ்வொன்றும் தனியாக நின்று ‘என்னைப் பார்’ என்று கத்துகிறது. தரையில் கிடக்கும்போதுதான், அழகான படங்கள் ஒன்றையே திரும்பச் சொல்வதும், ஒதுக்கி வைத்த மங்கலான படம் இரண்டு படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து வேலை செய்வதும் தெரிகிறது. அருகில் ஒரு ஆள் இருந்தால் நல்லது. அவர் புகைப்படக்காரராக இல்லாதது இன்னும் நல்லது. முகநூலில் ‘அருமை’ என்று எழுதுகிறவர்கள் நல்ல மனிதர்கள், நானும் அப்படி எழுதுகிறவன்தான். ஆனால் ‘இந்தப் படத்தை எதற்கு வைத்திருக்கிறாய்?’ என்று கேட்க அவர்களால் முடியாது. என் மனைவியால் முடிகிறது.

இந்த ஆண்டு சூரசம்ஹார இரவுக்கு நான் கடற்கரைப் பக்கம் போகப்போவதில்லை. பக்கத்து ஊர்க் குழு ஒன்றிடம் காப்புக் கட்டும் நாளிலிருந்து கூட வரலாமா என்று கேட்டிருக்கிறேன். வரலாம், ஆனால் மேளக்காரருக்கு ஆள் குறைந்தால் தாளம் போட வேண்டியிருக்கும் என்றார்கள். சேர்ந்து வர விருப்பமுள்ள அமெச்சூர் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஒருவருக்கு மட்டும் இடம் இருக்கிறது. அப்படியே, பாளையங்கோட்டை வட்டாரத்தில் பளபளப்பில்லாத மேட் தாளில் ஒழுங்காகப் பிரிண்ட் போட்டுத் தருகிற கடை தெரிந்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் வழக்கமாகப் போகிற இடத்தில், கேட்காமலே எல்லா முகத்தையும் வெளுப்பாக்கித் தருகிறார்கள்.