வருஷத்துக்கு 16 டாலர்

பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், தானம், செட்டில்மென்ட், பாகப் பிரிவினை, விடுதலை என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு குடும்பங்களின் நிலம் என் மேசை மேல் வந்து போகும். அதனாலேயே பழைய காலத்துச் சொத்து விவகாரம் எங்கே கண்ணில் பட்டாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன். அப்படிப் படித்த ஒரு கடிதம் போன மாதத்திலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

1851 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் எழுதியது. அப்போது அவர் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் வக்கீல். எழுதியது ஜான் ஜான்ஸ்டனுக்கு. லிங்கனின் சித்தி, அதாவது அப்பாவின் இரண்டாவது மனைவி சாரா, முதல் கணவர் மூலம் பெற்ற மகன் அவர். சித்தி குடியிருக்கும் 40 ஏக்கரை விற்றுவிடலாம் என்று ஜான்ஸ்டன் கேட்டிருக்கிறார். விலை 300 டாலர். 100-ஐ அவர் எடுத்துக்கொண்டு மிசௌரிக்குப் போவார். மீதி 200 அம்மாவுக்கு, 8 சதவீத வட்டிக்கு. லிங்கன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: வருஷத்துக்கு 16 டாலர் வரும். அவளை அப்படி நடத்துவதில் உனக்குத் திருப்தி என்றால் எனக்கு இல்லை என்று எழுதுகிறார்.

அந்த வரியை எழுதும் நிலைமை அவருக்கு ஏன் வந்தது என்று புரிய, 65 வருஷம் பின்னால் போக வேண்டும். அவருடைய தாத்தாவின் வயலுக்கு.

தாத்தாவின் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில், லின்வில் ஓடைக் கரையில் விவசாயம். அவருடைய அப்பா ஜான் உயிரோடு இருக்கும்போதே, 1773-ல், நிலத்தைப் பிரித்து மூத்த மகன்கள் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தார். ஆபிரகாமுக்கு 210 ஏக்கர். குடும்பத்தில் சண்டை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. பிற்பாடு அதை விற்றுவிட்டு, 1780-களின் தொடக்கத்தில் மனைவி மக்களோடு மலை தாண்டி கென்டக்கிக்குப் போனார். எல்லைப்புறத்தில் நிலம் மலிவு. மலிவுக்குக் காரணம், ஷானி, செரோக்கி மக்கள் வேட்டையாடிக்கொண்டிருந்த காட்டை வர்ஜீனியா அரசு தன்னுடையதாகவே நினைத்து நிலம் எடுத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுகளை (வாரண்ட்) அச்சடித்து விற்றதுதான். இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு ஏக்கருக்கும் இது பொருந்தும். யாருடைய நிலத்தை யார் பாகம் பிரித்தார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாகும்போது அவர் பெயரில் குறைந்தது 5,544 ஏக்கர் இருந்தது.

1786 மே மாதம். லாங் ரன் என்ற இடத்தில் மகன்கள் மூன்று பேரோடு சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். மரங்களுக்குள்ளிருந்து ஒரு குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தார். நடுமகன் ஜோசையா ஆள் கூட்டி வரக் கோட்டைக்கு ஓடினான். மூத்தவன் மார்டகாய், பதினைந்து வயதுப் பையன், வீட்டுக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்தான். கடைக்குட்டிப் பையன் தாமஸுக்கு எட்டு வயது. அப்பாவின் உடம்புப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். சுட்ட ஆள் அவனை நோக்கி வரும்போது மார்டகாய் குறிபார்த்துச் சுட்டான். தம்பி பிழைத்தான். அந்தத் தம்பிதான் ஜனாதிபதி லிங்கனின் அப்பா. கேட்ட கதைகள் எல்லாவற்றிலும் தன் மனதில் மிக ஆழமாகப் பதிந்தது இதுதான் என்று லிங்கன் 1854-ல் ஓர் உறவினருக்கு எழுதியிருக்கிறார்.

தாத்தா உயில் எழுதவில்லை. வயது 42. விதைப்புக்குப் போன மனிதன்.

சரி, உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த மூத்த மகன் வாரிசுமுறை நடைமுறையில் இருந்தது. நிலம் முழுக்க மூத்தவனுக்கு. மனைவிக்கு மூன்றில் ஒரு பாகத்தை ஆயுள் வரை அனுபவிக்கும் பாத்தியதை மட்டும். தட்டுமுட்டுச் சாமான்கள்தான் எல்லாருக்கும் பங்கு. அந்தக் குடும்பத்தில் மார்டகாய்க்கு அடுத்து ஜோசையா, மேரி, தாமஸ், நான்சி என்று நான்கு பேர். 5,544 ஏக்கரில் இந்த நான்கு பேருக்கும் சட்டப்படி ஒரு பிடி மண் கிடையாது.

இதில் என்னால் தாங்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தை வர்ஜீனியா சட்டசபை ஏற்கெனவே ஒழித்திருந்தது. 1785-லேயே. மகன், மகள் என்று பார்க்காமல் பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்று தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மசோதா அது. மூத்தவனுக்கு இரண்டு பங்காவது கொடுக்க வேண்டும் என்று பெண்டில்டன் என்ற பெரியவர் வாதாடினார். மூத்தவன் இரண்டு மடங்கு சாப்பிட்டால், இரண்டு மடங்கு வேலை செய்தால் கொடுக்கலாம் என்பது ஜெஃபர்சனின் பதில். வாதம் ஜெயித்தது, சட்டமும் நிறைவேறியது. ஆனால் அது 1787 ஜனவரி 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. விவசாயி செத்தது 1786 மே. ஏழெட்டு மாத இடைவெளி.

சாவதற்கு முன் அவர் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதியிருந்தால் சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. மூத்த மகன் வாரிசுமுறை, உயில் இல்லாதவர்களுக்குத்தான். எழுதி வைத்தவர் தன் விருப்பப்படி பிரிக்கலாம். அவருடைய அப்பா ஜான் பிரித்தது போல.

நீதிமன்ற உத்தரவுப்படி எடுத்த சாமான் பட்டியல் இன்றும் இருக்கிறது. நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். குதிரை இரண்டு. கன்றோடு பசு மூன்று. ஏர் ஒன்று, களைக்கொத்து மூன்று. நூற்கும் ராட்டை. வெள்ளீயத் தட்டு ஒரு டஜன். கைரம்பம், கோடாலி, துப்பாக்கிகள். இறகு மெத்தைகள், அதில் ஒன்று வான்கோழி இறகு. எல்லாம் சேர்த்து மதிப்பு 68 பவுண்டு சொச்சம். ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கருக்குச் சொந்தக்காரரின் வீட்டுக்குள் இவ்வளவுதான். நிலம் போனால் மிச்சப் பேருக்கு மிஞ்சுவது ஒரு பசு, நாலு தட்டு என்பதைப் பட்டியல் அப்படியே காட்டுகிறது.

மார்டகாயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தம்பியின் உயிரைக் காப்பாற்றியவன் அவன். சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். ஆனால் அதன் விளைவைத் தாமஸ் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். சின்ன வயதிலிருந்தே கூலி வேலைக்கு ஊர் ஊராக அலைந்த பையன், படிப்பே இல்லாமல் வளர்ந்தவர், தடுமாறித் தன் பெயரைக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாதவர் என்று லிங்கன் தன் அப்பாவைப் பற்றி எழுதுகிறார். அந்த வரிகளை வைத்துத் தாமஸை உருப்படாதவர் என்று பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. தச்சு வேலை செய்து காசு சேர்த்து, 1803-ல் மில் க்ரீக்கில் 238 ஏக்கர் வாங்கினார். விற்கும்போது அளந்தால் 200 ஏக்கர்தான் தேறியது. அடுத்து வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங் நிலத்துக்கும் வில்லங்கம். லிங்கன் பிறந்தது அங்கேதான். அதற்கடுத்த நாப் க்ரீக் நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி வழக்கு.

கென்டக்கியில் அரசு அளந்து கொடுக்கவில்லை. வாங்கியவனே அளந்துகொள்ள வேண்டும். அந்த மரம், இந்த ஓடை வளைவு என்று நான்கு எல்லை சொல்லி எழுதுவார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். மரம் விழுந்தால் எல்லையும் போச்சு. நான்கெல்லை எழுதும் தொழிலில் இருக்கிற எனக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்கியது. 1816-ல் தாமஸ் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் போனார். அடிமைமுறை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் கென்டக்கியின் நிலப் பத்திரக் குழப்பம் என்கிறார் மகன். இண்டியானாவில் அரசே சதுரம் சதுரமாக அளந்து விற்றது.

அங்கே மனைவி நான்சி 1818-ல் இறந்தார். அடுத்த வருஷம் தாமஸ் சாராவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள், அதில் ஒருவர்தான் இந்த ஜான்ஸ்டன். தாயில்லாத பத்து வயது ஆபிரகாமைத் தன் பிள்ளை போல வளர்த்தவர் சாரா. அப்பாவோடு லிங்கனுக்குக் கடைசி வரை ஒட்டவில்லை. 1851 ஜனவரியில் அப்பா சாகக் கிடந்தபோதும் அவர் போகவில்லை, அடக்கத்துக்கும் போகவில்லை. சித்தி விஷயம் வேறு. கடிதங்களில் அம்மா என்றுதான் எழுதுகிறார்.

1841-ல் இல்லினாயின் கோல்ஸ் மாவட்டத்தில் தாமஸுக்குப் பணமுடை. அவரிடம் மூன்று நாற்பது ஏக்கர் இருந்தது. கிழக்கே இருந்த நாற்பதை லிங்கன் 200 டாலருக்கு வாங்கிக்கொண்டார். வாங்கியதும் கூடவே ஓர் ஒப்பந்தம் எழுதினார்: அப்பாவும் சித்தியும் ஆயுள் வரை அந்த நிலத்தை அனுபவிக்கலாம். இருவர் காலத்துக்கும் பிறகு, ஒரு வருஷத்துக்குள் ஜான்ஸ்டன் அந்த 200 டாலரைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் அவருக்கு. அப்பாவோடு பேச்சு வார்த்தை எப்படி இருந்தாலும் காகிதத்தில் ஒரு குறை வைக்கவில்லை. நான் தினமும் எழுதும் 'ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற அதே வரிதான். அதை எத்தனையோ தடவை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். இனி அப்படி எழுத மாட்டேன்.

தாமஸ் இறந்ததும் மற்ற இரண்டு நாற்பதில் தன் வாரிசு உரிமையை லிங்கன் ஜான்ஸ்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், சித்தியின் மூன்றில் ஒரு பாக அனுபவத்துக்கு உட்பட்டு. ஆனால் சித்தி அந்தப் பாகத்தையும் மகனிடமே விட்டுவிட்டார். எல்லாவற்றையும் நீ பறித்துக்கொண்டாய் என்று லிங்கன் அந்தக் கடிதத்தில் கோபப்படுகிறார்.

என் மேசைக்கு எதிரே அப்படி உட்கார்ந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். "அவன் பார்த்துக்குவான் தம்பி, நீங்க எழுதுங்க" என்பார்கள். விரலில் மை தடவும்போதும் மகன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஆயுள் வரைக்குமாவது உங்க பேருல இருக்கட்டும்மா" என்று நான் சொன்னால், மகனைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டு முகம் வாடிவிடும். சாராவும் அப்படித்தான் கொடுத்திருப்பார். மகன்தானே.

அந்த மகன் வாங்கியதை விற்றுவிட்டு, கிழக்கு நாற்பதுக்கும் வந்து நின்றார். மிசௌரியில் மண் இதைவிட வளமா, அங்கே மட்டும் உழைக்காமல் சோளம் விளையுமா என்று லிங்கன் கேட்கிறார். தனக்கென்று எதுவும் வேண்டாம் என்றும் எழுதுகிறார். இது அம்மா பிழைப்பதற்கு, நீ உழாவிட்டால் குத்தகைக்கு விட்டாவது அவள் சாப்பிடட்டும் என்கிறார். அவரால் மறுக்க முடிந்தது பாசத்தால் மட்டும் இல்லை. நிலம் அவர் பெயரில் இருந்தது, சித்தியின் அனுபவம் எழுத்தில் இருந்தது. 1841-ல் அந்தக் காகிதம் இல்லாமல் போயிருந்தால் அந்த நாற்பதும் மற்ற எண்பதோடு போயிருக்கும்.

எழுதி வைப்பதை நம் ஆட்கள் அபசகுனம் என்கிறார்கள். பிள்ளைகளுக்குள் பேதம் வரும் என்கிறார்கள். எழுதாமல் போனதால் வந்த பேதத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பிரிப்பதில் யார் வலுவில்லாதவரோ அவர் பங்குதான் முதலில் கரையும், மனைவி, மகள், கடைக்குட்டி. உயிரோடு, தெளிவோடு இருக்கும்போது எழுதுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1861 ஜனவரிக் கடைசியில், வாஷிங்டனுக்குப் பதவியேற்கப் போகும் முன், லிங்கன் கோல்ஸ் மாவட்டத்துக்கு வந்து சித்தியைப் பார்த்துவிட்டுப் போனார். 1865-ல் அவர் கொல்லப்பட்டபோது, எத்தனையோ பேரின் சொத்து வழக்கை நடத்திய அந்த வக்கீலும் உயில் எழுதியிருக்கவில்லை. நண்பர், உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டேவிஸ், கணக்கைத் தீர்த்தார். 1,10,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். மனைவி மேரிக்கும் மகன்கள் ராபர்ட், டாட் இருவருக்கும் சமமாக மூன்று பங்கு. சித்திக்குச் சட்டப்படி அதில் எதுவும் கிடையாது. சாரா அதன்பிறகு நான்கு வருஷம், 1869 வரை இருந்தார். அவருக்கென்று எழுத்தில் இருந்தது, 1841-ல் எழுதிய அந்த 40 ஏக்கர் அனுபவம்தான்.