கருவிக்குக் காசு உண்டு, ஆளுக்கு?

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலை, 2023 ஆகஸ்ட் 23, எங்கள் கல்லூரி ஆடிட்டோரியத்தில் திரை கட்டி எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கைதட்டல், விசில். செயலர் தன் செலவில் லட்டு வாங்கிக் கொடுத்தார். என் ஆய்வு மாணவியும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குச் சம்பளம் வராமல் அது ஏழாவது மாதம்.

அன்றைக்கே இதை எழுதியிருந்தால் கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்க வந்தவள் என்றிருப்பீர்கள். அதான் ஆற அமர இப்போது எழுதுகிறேன்.

நான் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். வகுப்பு, பேப்பர் திருத்தல், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வேலை எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் அனுப்பும் தரவுகளில் கருந்துளைகளைத் தேடுகிறேன். பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்கும் கருந்துளை எக்ஸ் கதிரில் எப்படித் துடிக்கிறது என்பதுதான் என் கேள்வி. இதற்கு மலை உச்சியில் தொலைநோக்கி எதுவும் வேண்டாம். ஒரு லேப்டாப், ஓரளவு நல்ல இன்டர்நெட், அப்புறம் பொறுமையுள்ள ஓர் ஆள் போதும்.

மற்ற துறைக்காரர்களுக்குப் பலமுறை சொல்லியும் புரியவைக்க முடியாத விஷயம் இதுதான். வானியலில் விலை உயர்ந்த கருவியை வேறு யாரோ ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆஸ்ட்ரோசாட் 2015 முதல் மேலே சுற்றுகிறது, தரவு இலவசம். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 தரவையும் திறந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புனே பக்கம் 45 மீட்டர் அகல டிஷ் முப்பது நிற்கிறதே ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கி, அதில் நேரம் வேண்டுமென்றால் நல்ல கேள்வியோடு விண்ணப்பித்தால் போதும். புனேயிலேயே ஐயுகா என்று ஒரு நிறுவனம், என்னைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களை அசோசியேட்டாகச் சேர்த்துக்கொண்டு, போக வர டிக்கெட், தங்க அறை எல்லாம் தருகிறது. அது இல்லாவிட்டால் நானெல்லாம் இந்தத் துறையிலேயே இருந்திருக்க மாட்டேன்.

ஆக, எனக்குத் தேவைப்படுவது மூன்று வருஷத்துக்கு ஓர் ஆளின் சம்பளம், அவ்வளவுதான். ஆனால் ஆராய்ச்சி நிதி கேட்கும் நம் விண்ணப்பப் படிவங்கள் ரசாயன லேப் ஒன்றை மனதில் வைத்து உருவானவை. என்ன கருவி வாங்குவீர்கள், நிறுவனத்தில் இப்போது என்னென்ன கருவி இருக்கிறது, எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும். முதல் முறை நான் ஒரு ஜேஆர்எஃப்பின், அதாவது இளநிலை ஆய்வாளரின், சம்பளமும் பயணச் செலவும் மட்டும் கேட்டேன். மறுப்புக் கடிதத்தில் ஒரே காரணம்தான்: நிறுவனத்தில் போதிய வசதிகள் இல்லை. எந்த வசதி? செயற்கைக்கோளை எங்கள் மொட்டை மாடியிலா நிறுத்த முடியும்!

இரண்டாம் முறை நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். "மேடம், ஒரு ஒர்க்ஸ்டேஷனாவது போடுங்க, இல்லேன்னா ப்ரொபோசல் காலியா தெரியும்" என்றார் ஒரு சீனியர். போட்டேன். மூன்றரை லட்சம். ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது.

2022 ஜனவரியில் முதல் தவணை வந்தது. பிப்ரவரியில் என் ஆய்வு மாணவியாக, அன்று லட்டு சாப்பிட்ட அந்தப் பெண் சேர்ந்தாள். பக்கத்துக் கிராமம், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் முதல் பட்டதாரி. ராத்திரியில் நெட் வேகமாக இருக்கும் என்று ஹாஸ்டல் வார்டனிடம் அனுமதி வாங்கி லேபில் உட்கார்ந்து தரவு இறக்குவாள். நாலே மாதத்தில் என்னைவிட நன்றாக பைத்தான் மொழியில் நிரல் எழுதினாள்.

ஒர்க்ஸ்டேஷன் டெண்டர் இரண்டு முறை ரத்தானது. ஒரு தடவை போதிய ஆள் விண்ணப்பிக்கவில்லை, இன்னொரு தடவை விலை ஒதுக்கீட்டைத் தாண்டிவிட்டது. பணம் அப்படியே கணக்கில் கிடந்தது. மார்ச் 31 வந்தால் யூசி போட வேண்டும், அதாவது பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்கிற சான்று. 12-ஏ படிவத்தில் ஆடிட்டர் கையெழுத்து, பிரின்சிபால் கையெழுத்து, ரவுண்டு சீல். வங்கி போட்ட வட்டி 412 ரூபாயை அரசுக்குத் திருப்பிக் கட்டி சலானை இணைத்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. பதில் வந்தது: மூலதனத் தலைப்பில், அதாவது கருவிக்கான ஒதுக்கீட்டில், பெரும் தொகை செலவாகாமல் இருக்கிறது, ஆகவே அடுத்த தவணை நிறுத்தி வைக்கப்படுகிறது.

சம்பளத் தலைப்பில் அப்போது பூஜ்யம். கருவித் தலைப்பில் மூன்றரை லட்சம். இதிலிருந்து அதற்கு மாற்ற அனுமதி கேட்டு எழுதினேன். மெயில், நினைவூட்டல் மெயில், ஸ்பீட் போஸ்ட். இடையில் ஜேஆர்எஃப் உதவித்தொகையை 31,000இலிருந்து 37,000 ஆக உயர்த்தி, 2023 ஜனவரி முதல் அமல் என்று உத்தரவு வந்தது. "மேடம், எனக்கு அரியரும் வருமா?" என்று சிரித்தபடி கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் அப்பா ஒருமுறை போன் செய்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா பண்ற வேலைக்கு கவர்மென்ட் காசு குடுக்குதா, இல்ல நாமதான் கட்டணுமா?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

கணக்குக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது மக்கள் வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கருவி வாங்கத் தாமதமானால் கருவிப் பணத்தை நிறுத்துங்கள், சம்பளத்தை எதற்கு நிறுத்துகிறீர்கள்? கருவி ஒரு வருஷம் காத்திருக்கும். 24 வயதுப் பெண் காத்திருப்பாளா? அவள் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பங்களை 2018 முதல் பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அந்த முதல் சுற்றிலேயே பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. நம் படிவத்தில் முதல் பக்கத்திலேயே கல்லூரிப் பெயர் வந்துவிடுகிறது. மீதிப் பக்கங்களை எந்தக் கண்ணோடு படிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்கு நிதி தந்துகொண்டிருந்த செர்ப் வாரியம் போய் ஏஎன்ஆர்எஃப் என்ற அமைப்பு வந்திருக்கிறது, ஐந்தாண்டில் 50,000 கோடி என்கிறார்கள். அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வர வேண்டுமாம். பேட்டரிக்கும் மருந்துக்கும் கொடுப்பார்கள். கருந்துளைக்கு எந்த முதலாளி கொடுப்பார்? கல்லூரிகளின் ஆய்வுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம்தான், தங்களுக்குத் தேவையான தலைப்புகளையும் தொகுத்து வெளியிடுகிறார்கள், இளம் ஆசிரியர்கள் அவசியம் படியுங்கள். என் கேள்வி அந்தப் பட்டியலுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

போன வாரம் மறுபடி ஒரு விண்ணப்பம் போட்டேன். இந்த முறை கருவி என்ற கட்டத்தில் துணிந்து பூஜ்யம் என்று அடித்தேன். போர்ட்டல் சிவப்பு எழுத்தில் கத்தியது: சரியான தொகையை உள்ளிடவும். மூன்று முறை முயன்றேன். கடைசியில் ஒரு ரூபாய் என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது.