ஐஸ் மெஷின் ஃப்ரிட்ஜ் இல்லைங்க

எங்க அபார்ட்மென்ட்ல மூணு வீட்டுல இந்த மேடைமேல வைக்கிற குட்டி ஐஸ் மேக்கர் வாங்கினோம். அதுல ரெண்டு இப்ப பரண்மேல இருக்கு. எங்களோடதும் ஏப்ரல்லயே பரணுக்குப் போயிருக்க வேண்டியது.

பெட்டியில ஒரு நாளைக்கு 12 கிலோன்னு போட்டிருந்துச்சு, இவரு அதப் பாத்துதான் விழுந்தாரு. 24 மணி நேரமும் நிக்காம ஓடினாதான் அந்த 12 கிலோ, அப்ப மணிக்கு அரை கிலோ, அதுவும் நம்ம சென்னை சமையக்கட்டுல மே மாசம் மதியம் எங்க வரப்போகுது? மொட்டமாடி டேங்க் தண்ணி ஆர்ஓ வழியா வந்தாலும் வெந்நி மாதிரிதான இருக்கு, அத ஊத்திட்டு ஐஸ் சின்னதா வருதுன்னு மெஷின திட்டினா அது என்ன பண்ணும்.

மூடியத் திறந்து ஒருதடவ உக்காந்து பாருங்க. மாட்டு மடிக்காம்பு மாதிரி ஒம்போது உலோக விரல் தொங்கும், அது தண்ணிக்குள்ள முங்கி சுத்தி ஐஸ் கட்டும், ஏழெட்டு நிமிஷத்துல அதே விரலுக்குள்ள சூடான கேஸ் ஓடும், ஐஸ் வழுக்கி விழும். விழுற ஐஸ் விரல் அப்பளம் மாதிரி உள்ள ஓட்டையாதான் இருக்கும், அது குறையில்ல, அதோட அமைப்பே அப்படி. முதல் ரெண்டு தடவ விழுறது கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும், நான் அத எடுத்து திரும்ப தண்ணியிலயே போட்டுருவேன், தண்ணி ஜில்லாயிரும், அடுத்ததுலருந்து கெட்டியா வரும். மண்பானத் தண்ணி ஊத்தினாலே வித்தியாசம் தெரியுது, ஃப்ரிட்ஜ் தண்ணின்னா கேக்கவே வேணாம்.

எல்லாரும் கோட்ட விடுறது எங்கன்னா, கூடையில விழுந்த ஐஸ அப்படியே விட்டுட்டு சாயங்காலம் வந்து பாக்குறாங்க. அந்தக் கூடைக்கு கூலிங்கே கிடையாதுங்க! உருகி கீழ தண்ணியாகி, திரும்ப அதே தண்ணி ஐஸாகும், கரண்ட்தான் வீண். விழ விழ எடுத்து வடிதட்டுல ஒரு நிமிஷம் வச்சு ஈரம் போகவிட்டு, எவர்சில்வர் தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வைங்க, இறுகினப்புறம் கவர்ல கொட்டுங்க. ஈரத்தோட கவர்ல போட்டா ஒரே பாறையாயிடும், அப்புறம் அம்மிக்குழவி தான் (எங்க மாமியார் நெஜமாவே எடுத்துட்டு வந்துட்டாங்க).

இன்னொன்னு, ஒருநாள் கூடை காலியா இருக்கு, ஆனா ஃபுல்லுன்னு லைட் எரியுது. கஸ்டமர் கேர்ல பேசினா வீடியோ அனுப்பு, பில் அனுப்புன்னு மூணு நாள் இழுத்தாங்க, கடைசில பாத்தா ஜன்னல் வழியா நாலு மணி வெயில் நேரா சென்சார்மேல அடிக்குது. ஸ்க்ரீன இழுத்துவிட்டேன், ஓட ஆரம்பிச்சிருச்சு. சுவத்தோட ஒட்டியும் வைக்காதீங்க, சூடு வெளிய போக இடம் வேணும். வேலை முடிஞ்சா அடியில இருக்கிற மூடியக் கழட்டி தண்ணிய வடிச்சிருங்க, இல்லன்னா நாத்தம் குடல புடுங்கும்.

நாளைக்கு நாத்தனார் பையன் பொறந்தநாள், 20 பேருக்கு ரோஸ்மில்க். நைட் பத்து மணிக்கு மேல சூடு கொறைஞ்சதும் போட்டுவிட்டேன், ரெண்டு தட்டு ஃப்ரீசருக்குப் போயாச்சு, மூணாவது விழுந்துட்டு இருக்கு, இவரு தூங்க முடியலன்னு திட்டிட்டு இருக்காரு.