டீயை வெள்ளைக்காரன் கணக்கில் எழுதாதீர்கள்

டீயைத் திட்டி ஒரு பேச்சாளர் மேடையில் பேசியதை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "டீ நம்ம பானமே இல்லை, வெள்ளைக்காரன் பழக்கிவிட்ட அடிமைப் பழக்கம்" என்று அவர் சொன்னதும் அரங்கமே கை தட்டுகிறது. தட்டியவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

டீ வெள்ளைக்காரனுடையது இல்லை. அவன் கண்ணில் படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனாவில் குடித்தார்கள். சரி, தோட்டம் போட்டது அவன்தானே என்பீர்கள். இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மலைகளில் காடு வெட்டியது யார்? திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம் சனம். ஆள் பிடித்துக் கூட்டிப்போன கங்காணி பின்னால் இலங்கைக் கரையில் மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்தவர்கள். காலரா வந்து பாதியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். இதற்குப் பிறகும் "நம்ம பானமே இல்லை" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

என் அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்தவர். 1948இல் இலங்கை அரசின் சட்டத்தால் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இந்திய, இலங்கை அரசுகள் எண்ணிப் பிரித்துக்கொண்டன. அந்த எண்ணிக்கையில் ஒருவராக நீலகிரியில் உள்ள கூடலூர் வந்து, இங்கேயும் கூடையை முதுகில் மாட்டினார். கொழுந்துக் கறை ஏறி அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. சாயங்காலம் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடிப்பார். பால் கிடையாது. வெல்லத்துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி ஒரு கடி. கசப்பு முன்னால் வரும், இனிப்பு மெல்லத் தொண்டையில் இறங்கும். அந்த ருசிக்கு இணையாக இன்றுவரை நான் எதையும் குடித்ததில்லை. அங்கே கள்ளத்தோணி என்று ஏசினார்கள், இங்கே சிலோன்காரி என்றார்கள். இப்போது அவர் பறித்த இலையும் அந்நியமாகிவிட்டதா?

கம்பெனிகள்தானே இலவசமாக ஊற்றிக்கொடுத்துப் பழக்கின என்று கேட்பீர்கள். ஆமாம், பழக்கின. ஆனால் நல்ல இலை கப்பல் ஏறியது, நமக்கு வந்து சேர்ந்தது விலை மலிந்த தூள். அந்தத் தூளில் இப்படி ஒரு டீயை உண்டாக்கியது நம் டீ மாஸ்டர்கள். பாய்லர் வெந்நீரைத் துணி வடிகட்டியில் ஊற்றிச் சாயம் இறக்கி, பாலில் கலந்து, கை உயரத்துக்குத் தூக்கி ஆற்றி, நுரை தளும்பக் கிளாஸை நீட்டுவதை எந்தக் கம்பெனியும் சொல்லித் தரவில்லை.

உடம்புக்குக் கெடுதலா? சாப்பிட்ட கையோடு குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சர்க்கரையைக் குறையுங்கள். முடிந்தது.

டீக்கடையில் வெட்டிப்பேச்சு பேசியே நாடு கெட்டது என்றும் அவர் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இன்னொருவர் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டிய இடம் அது. விடியுமுன்னே மூட்டை தூக்கப் போகிறவருக்கு முதல் சூடு வயிற்றில் இறங்கும் இடமும் அதுதான். குளிரூட்டிய அரங்கில் பேசுகிறவருக்கு அது வெட்டியாகத்தான் தெரியும்.

டீக்கடை என்ன அவ்வளவு புனிதமா, இரட்டைக் குவளை அங்கேதானே இருந்தது என்று ஒருவர் நிச்சயம் வருவார். இருந்தது. தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள், பெஞ்சில் உட்காரவிடாமல் வெளியே நிற்கவைத்தார்கள். அந்த அவமானத்தைப் பட்டவர்கள் அதை எதிர்த்து ஊர் ஊராகப் போராடினார்கள், அடி வாங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். எல்லோரும் குடிக்கும் அதே கிளாஸில், அதே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கும் உரிமையைத்தான் அவர்கள் கேட்டார்கள். இதை அடிமைப் பழக்கம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே உங்களால் சொல்ல முடியுமா?