மைட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள்

நீல முள்ளெலி சோனிக் ஓடும் வீடியோ கேம்களில் வந்த பழைய கேரக்டர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, அவற்றை வெளியிடும் சேகா கம்பெனியிடம் கேட்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் கேட்பது பெயரையும் முகத்தையும் மட்டும். திரும்பி வந்து அவன் என்ன செய்யப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கேரக்டர் காணாமல் போவதற்கும் பிழைத்துக் கிடப்பதற்கும் காரணம் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வெட்டப்பட்டவர்களிலிருந்து ஆரம்பிக்கலாம். 1991-இல் வந்த முதல் சோனிக் கேமுக்கு ஒரு இசைக்குழுவையே வரைந்து வைத்திருந்தார்கள். கீபோர்டில் வெக்டர் என்ற முதலை, பாஸ் கிட்டாரில் மேக்ஸ் என்ற குரங்கு, டிரம்ஸில் மாக் என்ற முயல், கிட்டாரில் ஷார்ப்ஸ் என்ற பறவை. கேமின் பாடல்களைப் போட்டுக் கேட்கும் சவுண்ட் டெஸ்ட் திரையில் இவர்கள் வாசிக்க, சோனிக் நடுவில் பிரேக் டான்ஸ் ஆடுவதாகத் திட்டம். நேரமும் போதவில்லை, இடமும் போதவில்லை. முழு கேமும் 512 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கியாக வேண்டும். கேமைப் போட்டதும் “சே...கா...” என்று பாடும் குரல் கேட்கிறதே, அந்த ஒன்றே கார்ட்ரிட்ஜில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. ஒரு குழுவே போய் கம்பெனியின் பெயர் உட்கார்ந்துகொண்டது. இதைவிடப் பொருத்தமான கார்ப்பரேட் கதை கிடையாது.

அதே கேமில் மடோனா என்று சோனிக்குக்கு ஒரு மனிதக் காதலியும் இருந்தாள். சிவப்பு கவுன், பொன்னிறக் கூந்தல். அவளையும் தூக்கினார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. கடத்தப்படுவதைத் தவிர அவளுக்கு அந்தக் கதையில் வேலை இல்லை. சேகாவின் சாட்டர்ன் கன்சோலுக்காகத் திட்டமிட்டு, முடிக்காமலே கைவிட்ட சோனிக் எக்ஸ்ட்ரீம் கேமில் டியாரா என்றொருத்தி இருந்தாள். கேமே வராததால் அவளைப் பற்றிப் பேச ஓவியங்கள் மட்டும்தான் மிச்சம்.

இப்படிப் பிறக்காமலே போனவர்களை விடுங்கள். பிறந்து, ஆட வந்து, பிறகு வீட்டு ஆட்களே மறந்துபோனவர்கள்தான் என்னை உறுத்துகிறார்கள். முதல் ஆள் மைட்டி என்ற ஆர்மடில்லோ, உடம்பில் ஓடுள்ள விலங்கு. 1993-இல் சேகாசோனிக் என்ற ஆர்கேட் கேமில் சோனிக்கோடும், ரே என்ற மஞ்சள் நிறப் பறக்கும் அணிலோடும் அறிமுகமானான். ஜாய்ஸ்டிக் கிடையாது. டிராக்பால் என்ற உருண்டையைக் கையால் தேய்த்துத் தேய்த்து மூன்று பேரும் வில்லன் எக்மேனின் தீவிலிருந்து தப்பி ஓட வேண்டும். வீட்டு கன்சோல் எதற்கும் அந்த கேம் வரவில்லை. ரேயின் கதை அப்போதைக்கு அதோடு முடிந்தது.

மைட்டிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. 1995-இல் சேகாவின் 32எக்ஸ் கருவிக்கு நக்கிள்ஸ் கேயோடிக்ஸ் வந்தது. இரண்டு கேரக்டர்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது போல இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய விநோதமான கேம். பொம்மை பிடிக்கும் கிரேன் மெஷின் மாதிரி ஒன்றில்தான் கூட்டாளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1991-இல் வெட்டப்பட்ட வெக்டர் இதில் வந்துவிட்டான், கீபோர்டுதான் இல்லை. தலையில் ஹெட்போன் அப்படியே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆள் மாறினாலும் பழைய வேலையின் யூனிஃபார்ம் மட்டும் கழலவில்லை.

இந்த கேமில் யாருக்கு என்ன வித்தை என்று பாருங்கள். எஸ்பியோ என்ற பச்சோந்தி சுவரிலும் கூரையிலும் ஓடுவான். சார்மி தேனீ, பறக்கும். வெக்டர் சுவர் ஏறுவான், காற்றிலேயே பாய்வான். கேமின் நாயகன் நக்கிள்ஸ் மிதந்துகொண்டே இறங்குவான். மைட்டி? சுவரில் உதைத்து எகிறுவான், அவ்வளவுதான். மற்றபடி ஓட்டமும் உருளலும் தோற்றமும் அச்சு அசல் சோனிக். சிவப்புச் சாயம் பூசிய சோனிக் என்றே சொல்லலாம்.

2003 கடைசியில் சோனிக் ஹீரோஸ் வந்தபோது வெக்டர், எஸ்பியோ, சார்மி மூவரும் துப்பறியும் நிறுவனம் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். மைட்டியை யாரும் கூப்பிடவில்லை. சேகா ஏன் விட்டது என்று காரணம் தேடி மண்டையை உடைக்க வேண்டியதில்லை. அந்த கேம் ஒரு அணிக்கு மூன்று பேர் என்ற கணக்கில் ஓடுகிறது: ஒருவர் வேகம், ஒருவர் பறத்தல், ஒருவர் பலம். எஸ்பியோ, சார்மி, வெக்டர் அதில் கச்சிதமாகப் பொருந்தினார்கள். மைட்டிக்கு நாற்காலி இல்லை.

அதற்கப்புறம் சேகா செய்ததுதான் எனக்கு எரிச்சல். 2011-இல் சோனிக் ஜெனரேஷன்ஸில் மைட்டி, ரே முகங்களோடு “காணவில்லை” போஸ்டர் ஒட்டினார்கள். ரசிகர்கள் சிரித்தோம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தோம். யோசித்தால் கடுப்பாக இருக்கிறது. தொலைத்ததே நீங்கள்தானே ஐயா! 2017-இல் சோனிக் மேனியாவில் ஃபேங் என்ற பழைய துப்பாக்கிக்காரன் ஒரு பாஸ் சண்டையில், அதாவது லெவல் முடிவில் வரும் பெரிய எதிரியோடான மோதலில், தலைகாட்டினான். பார்த்தால் அதுவும் அவன் இல்லை, மந்திரவாதி ரோபோ ஒன்று போட்ட வேஷம்.

ஆனால் அதே மேனியா குழுதான் அடுத்த வருடம் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது. அந்த கேமைச் செய்தவர்களில் முக்கியமானவரான கிறிஸ்டியன் வொய்ட்ஹெட் ரசிகராக இருந்து சேகாவுக்கு வேலை செய்ய வந்தவர். 2018-இல் அதே கேமின் விரிவாக்கமாக வந்த மேனியா பிளஸ்ஸில் மைட்டியும் ரேயும் ஆடக்கூடிய ஆட்களாக வந்தார்கள். முகத்தோடு சேர்த்துப் புது வித்தையும் கொடுத்திருந்தார்கள்.

மைட்டி ஆர்மடில்லோ, முதுகில் ஓடு இருக்கிறது. அப்படியானால் முள் குத்தக் கூடாதே? குத்தவில்லை! உருண்டையாகச் சுருண்டு முள்ளில் விழுந்தால், அடிபட்டால் சிதறிப்போகும் தங்க வளையங்களான ரிங்குகளில் ஒன்றும் சிதறாமல் துள்ளி வெளியே வருகிறான். சோனிக் கேம் ஆடிய எவருக்கும் முள்ளைப் பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கும். மைட்டியோடு ஆடும்போது அந்தப் பயமே போய்விடுகிறது. குதித்த பிறகு இன்னொரு முறை பட்டனை அழுத்தினால் இடி போல நேராகத் தரையில் இறங்குகிறான். அதே பழைய லெவல்தான், ஆனால் போகும் வழி வேறு, எடுக்கும் துணிச்சல் வேறு. 25 வருடத்தில் முதல் முறையாக அவன் மைட்டியாக இருந்தான். ரே காற்றில் மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்து, சட்டென்று நிமிர்த்தி மேலே ஏறுகிறான். தாளம் பிடிபட்டுவிட்டால் தரையைத் தொடாமலே பாதி லெவலைக் கடக்கலாம். பிடிபடும்வரை கஷ்டம்தான், குழியில் விழுந்துகொண்டே இருப்போம்.

“அப்படியென்றால் பிக் பூனை?” என்று யாராவது கேட்பீர்கள். 1998-இல் சோனிக் அட்வென்ச்சரில், வேகத்துக்குப் பேர்போன சீரிஸில், தூண்டில் போட்டு மீன் பிடித்த குண்டுப் பூனை. அன்று அவனைத் திட்டாத ஆள் இல்லை. நானும் அவன் பகுதியை ரசித்து ஆடியதில்லை. ஆனால் 2022-இல் சோனிக் ஃபிரண்டியர்ஸில் மறுபடி தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான், எல்லோரும் சந்தோஷமாகப் போய் மீன் பிடித்தார்கள். வேறு யாரும் செய்யாத ஒரு வேலை அவனிடம் இருக்கிறது. அது மோசமான வேலையாக இருந்தாலும் ஆளைக் காப்பாற்றிவிட்டது.

சோனிக்கின் போட்டியாளனான கறுப்பு முள்ளெலி ஷேடோ கணக்கு வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2001-இல் சாகடித்தார்கள், ரசிகர்கள் விடவில்லை, ஹீரோஸில் உயிரோடு வந்தான், 2005-இல் தனக்கென்றே ஒரு கேம் வாங்கிவிட்டான். அந்த அளவு கெத்து இருந்தால் விதி வளையும். எல்லோருக்கும் அது வாய்க்காது.

அடுத்து என்ன? ஃபேங் 2023-இல் சோனிக் சூப்பர்ஸ்டார்ஸில் நிஜமாகவே வந்தான், ஆனால் எக்மேனுக்கு எடுபிடியாக. தன் வாலையே ஸ்பிரிங் போல ஊன்றித் துள்ளுகிறவன் அவன். அந்தத் துள்ளலை வைத்து ஆட ஒரு முழுக் கதை கொடுத்தால் நான் முதல் நாளே காசு கட்டுவேன். ஹனி என்ற பூனையும் இருக்கிறாள். 1996 ஆர்கேட் சண்டை கேமான சோனிக் த ஃபைட்டர்ஸின் புரோகிராமுக்குள் பூட்டிக் கிடந்து, 2012 மறுவெளியீட்டில்தான் ஆட வந்தாள். அவளுக்குச் சண்டைப் பிடிகள் ஏற்கனவே தயார், புதிதாக யோசிக்கக்கூட வேண்டாம். மேக்ஸ், மாக், ஷார்ப்ஸ் மூவருக்கும் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 512 கிலோபைட் பிரச்சினை தீர்ந்து ரொம்ப நாளாகிறது. அடுத்த கேமின் சவுண்ட் டெஸ்ட் திரையில் அவர்களை நிறுத்தி வாசிக்க விடுங்கள், வெக்டரிடம் கீபோர்டைத் திருப்பிக் கொடுங்கள். போஸ்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.