செக்-இன் பணமும் சீட் பணமும் வேற வேற

அண்ணாச்சி, தூத்துக்குடி ஏர்போர்ட் பத்தி "வாகைக்குளத்துல வெப் செக்-இன்னுக்குப் பணம் கட்டலேன்னா ஏத்த மாட்டான்"னு போட்டிருக்கீங்க. அது சரியில்ல. ஆன்லைன்லயே போர்டிங் பாஸ் எடுக்குற வெப் செக்-இன் இலவசம். நடுவுல சீட் படம் வரும். அதுல விலை போட்டிருக்கிறதைப் பார்த்து, அதுதான் செக்-இன் கட்டணம்னு நிறைய பேர் கட்டிடுறாங்க. எந்த சீட்டையும் தொடாம 'ஸ்கிப்' அழுத்துங்க, மிச்சமிருக்கிற சீட்டை அதுவே போட்டுடும். குடும்பமா போனா பிரிஞ்சு உக்கார வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

மத்தவங்களுக்கு முன்னாடியே விமானத்துல ஏறக் கட்டுற காசு தனிக் கதை. சென்னைக்குப் போற ஏடிஆர்ல (சின்ன புரொப்பெல்லர் விமானம்) பக்கத்துக்கு ரெண்டு சீட்டு, நடு சீட்டே கிடையாது. ஏறி இறங்குறதெல்லாம் பின்வாசல்தான். அதனால காசு கொடுத்து முதல் வரிசை வாங்குறவர் கடைசியா இறங்குவார்! முதல்ல ஏறினா பை வைக்க மேல்தட்டுல இடம் கிடைக்கும், லாபம் அது ஒண்ணுதான். அந்தத் தட்டு சின்னது. தடிச்ச டிராலியை வாங்கி டேக் போட்டு கீழே ஏத்திடுவாங்க. அப்படிக் கொடுக்கும்போது பவர்பேங்கை மறக்காம எடுத்துக்கோங்க. தோள்பை, அல்வா டப்பாவுக்கெல்லாம் முன்சீட்டுக்கு அடியே போதும்.

இன்னொண்ணு: வெப் செக்-இன் முடிச்சிருந்தாலும், பெட்டி போடுற கவுண்டர் பொதுவா விமானம் கிளம்ப 60 நிமிஷம் முன்னாடியே மூடிடும்.